“கைய வைக்காத!” என்கிறார் தாத்தா

கேள்வி: ஐயா, எனக்கு 26 வயது. கொழும்பில் போன் திருத்தும் கடையொன்றில் வேலை. மாதம் ஒரு தடவை ராகலைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்துக்கு வருவேன். தாத்தாவுக்கு 79 வயது. சின்ன வயதில் தோட்டத்து ட்ரக்டரில் கிளீனராகச் சேர்ந்து, பிறகு அதே வண்டிக்கு டிரைவர் ஆனவர். 2001இல் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசு கைக்கு வந்ததும், தோட்டத்தில் டெண்டர் போட்ட அந்த மெஸி பெர்குசன் 35ஐயே வாங்கிவிட்டார். அதில் மரக்கறியும் உரமும் ஏற்றித்தான் என்னையும் தங்கச்சியையும் படிக்க வைத்தார். 2022இல் டீசல் இல்லாமல் நிறுத்திய வண்டி இன்னும் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார் அப்பா. தாத்தா வாயே திறக்கவில்லை. எனக்கும் அவருக்கும் பேச ஒன்றும் இல்லை. எதைக் கேட்டாலும் “ம்” என்பார். டீவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ட்ரக்டரில் கை வைத்தால் மட்டும் “கைய வைக்காத!” என்று கத்துவார். அவருக்குத் தெரியாமல் வண்டியைக் கராஜுக்கு ஏற்றி, எஞ்சின் செய்து, புதுச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, தைப்பொங்கல் அன்று மாலை போட்டு அவர் முன்னால் நிறுத்த ஆசை. எவ்வளவு செலவாகும்? போட்டோக்கள் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: தம்பி, இந்தப் பகுதிக்கு வழக்கமாக வருவதெல்லாம் தண்ணி மோட்டார் இழுக்கவில்லை, கிரைண்டர் பெல்ட் அறுந்துபோகிறது, த்ரீவீலர் புகை தள்ளுகிறது என்கிற கடிதங்கள்தான். உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். செலவுக் கணக்கைப் பிறகு பார்ப்போம். கராஜுக்கு ஏற்றாதீர்கள். தாத்தாவுக்குத் தெரியாமல் ஒரு நட்டைக்கூடக் கழற்றாதீர்கள்.

ஏன் என்று சொல்ல என் கதை ஒன்றை எடுக்க வேண்டும். என் தாத்தா டிக்கோயாப் பக்கம் ஒரு ஸ்டோரில் எஞ்சின் டிரைவர். (தேயிலைத் தொழிற்சாலையை நம் ஆட்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். கொழும்பில் வளரும் பிள்ளைகளுக்காக இதையும் எழுதி வைக்கிறேன்.) பெரிய ரஸ்டன் எஞ்சின், அதிலிருந்து ஸ்டோரின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக ஒரு ஷாஃப்ட், ஷாஃப்டிலிருந்து இறங்கும் பெல்ட்டுகள். ரோலர், ட்ரையர் எல்லாம் அந்தப் பெல்ட்டில்தான் சுற்றும். வீட்டில் அவருடைய கட்டிலுக்கு அடியில் பதினொரு பால்மா டின் இருந்தது. அத்தனையும் பழைய நட்டு, போல்ட், வாஷர். நான் அப்போது தொழில் படிக்கப் போய் முதல் வருடம், தலைக்கனம் நிறைய. லீவுக்கு வந்த இடத்தில், தாத்தா வேலைக்குப் போன நேரம் பார்த்து எல்லா டின்னையும் கொட்டி, மண்ணெண்ணெயில் கழுவி, அளவு வாரியாகப் பிரித்து, லேபலும் ஒட்டி அடுக்கினேன். வந்து பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு நாள் என்னோடு பேச்சே இல்லை. மூன்றாம் நாள் பாட்டிதான் வாயைத் திறந்தார்: “அது ஒவ்வொரு டின்னும் ஒவ்வொரு மிசினுடா. ரோலர் டின்னு, ட்ரையர் டின்னு, தண்ணிப் பம்பு டின்னு. ராத்திரி லைட்டு போனாலும் கைய விட்டு எடுத்துக்கிட்டுப் போவாரு.”

அந்த டின்களைத் திரும்பப் பழையபடி பிரிக்க அவராலேயே முடியவில்லை. அதனால்தான் சொல்கிறேன். நீங்கள் பொங்கலன்று நிறுத்தப்போகும் வண்டி பளபளவென்று இருக்கும், ஆனால் அதில் எந்தச் சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று உங்கள் தாத்தாவுக்குத் தெரியாது. எந்த நட்டு யார் இறுக்கியது என்றும் தெரியாது. மாலை போட்ட அந்நியனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். கணக்குப்படி உங்கள் தாத்தா பிறந்தது 1946, 47 வாக்கில். 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான நம் சனத்தை நாடற்றவர்கள் ஆக்கியபோது அவர் கைக்குழந்தை. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று ஆட்களைப் பங்கு பிரித்தபோது அவர் கிளீனர் பையன். இருந்த லயக் காம்பரா (வரிசை வீட்டு அறை) தோட்டத்துடையது. ஓட்டிய ட்ரக்டரும் தோட்டத்துடையது. 55 வயதில் வந்த ஈ.பி.எஃப். காசில் அந்த வண்டியை வாங்கிய அன்றுதான், அரசாங்கக் கடுதாசி ஒன்றில் ‘உரிமையாளர்’ என்ற இடத்துக்கு நேரே அவர் பெயர் விழுந்திருக்கும். அந்த வண்டிப் புத்தகம் எங்கே என்று பாட்டியிடம் கேளுங்கள். பெரும்பாலும் சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கும். அதை அப்பாவிடமும் காட்டுங்கள், சண்டை போடாமல் காட்டுங்கள். அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். “கைய வைக்காத” என்ற சத்தத்தை உங்களுக்கு முன்னால் இருபது முப்பது வருடம் கேட்டவர் அவர்.

இனி தாத்தாவின் “ம்”முக்கு வருகிறேன். பேச ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். டீவி சத்தமாக இருக்கும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே விஷயம் என்றுதான் எனக்குப் படுகிறது. தினமும் எட்டு மணித்தியாலம் 85 டெசிபலுக்கு மேல் சத்தம் கேட்டால் காது மெல்ல மெல்லக் கெடும். கூரை இல்லாத பழைய ட்ரக்டரில், முகத்துக்கு நேரே சைலன்சரை வைத்துக்கொண்டு முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டியவருக்குக் காது முழுசாக இருந்தால்தான் அதிசயம். இந்த மாதிரிக் காதில் முதலில் அடிபடுவது மெல்லிய, கூரான சத்தங்கள்: பிள்ளைகளின் குரல், பெண்களின் குரல், ‘ச’வும் ‘த’வும். நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்கும், விளங்காது. விளங்காததை நாலு தரம் “என்ன, என்ன” என்று கேட்க வெட்கப்பட்டுத்தான் வயசாளிகள் “ம்” போடுவார்கள். என் சகபாடிகளில் பாதிப் பேர் இப்போது “ம்” ஆசாமிகள்தான். நானும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

அடுத்த தடவை வரும்போது அவரை அரசாங்க ஆஸ்பத்திரியின் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். சில நேரம் காதில் அழுக்கு அடைத்திருப்பதே பாதிக் காரணமாக இருக்கும், அதை அங்கேயே எடுத்துவிடுவார்கள். அதுவரை பின்னால் நின்று கூப்பிடாதீர்கள். முன்னால் வந்து, முகம் தெரிய, கத்தாமல், கொஞ்சம் கனத்த குரலில், மெதுவாகப் பேசுங்கள். டீவியை நிறுத்திவிட்டு.

“கைய வைக்காத” என்பதைத் திட்டு என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கிளீனராகத் தொழில் பழகியவர்களுக்கு அதுதான் முதல் பாடம். பெல்ட்டிலும் ஃபேனிலும் விரலைக் கொடுத்த பையன்களை அவர் பார்த்திருப்பார். அந்தக் காலத்தில் தொழில் சொல்லிக்கொடுப்பது என்றால் அப்படித்தான்: முதல் ஆறு மாதம் கழுவு, அடுத்த ஆறு மாதம் டோர்ச் பிடி, பிறகு ஸ்பேனர் எடுத்துக் கொடு. ஆகவே ஒரு காரியம் செய்யுங்கள். தார்ப்பாயைத் தூக்கிவிட்டு, அவர் முன்னால் நின்று, “தாத்தா, எதுல கை வைக்கலாம்?” என்று கேளுங்கள். அன்றைக்குப் பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. தார்ப்பாயைத் திரும்ப மூடாமல் விட்டுவிட்டுப் போய்த் தேத்தண்ணி குடியுங்கள்.

இப்போது வண்டி. 35இல் இரண்டு சாதி உண்டு. ஆரம்பத்தில் வந்தது ஸ்டாண்டர்ட் கம்பனியின் நாலு சிலிண்டர் டீசல். குளிரில் ஸ்டார்ட் எடுக்க அது படுத்தும் பாடு, ராகலைக் குளிரில் சொல்லவே வேண்டாம். 1959இலிருந்து பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சின் போட்டார்கள். உங்கள் போட்டோவில் டீசல் பம்பிலிருந்து மூன்று பைப் போகிறது, ஆகவே பெர்கின்ஸ். 152 கன அங்குலம், கிட்டத்தட்ட இரண்டரை லீட்டர். பின்னால் வந்த 135லும் இதே குடும்பத்து எஞ்சின்தான், அதனால் சாமானுக்குப் பஞ்சம் இல்லை. நல்ல காலம்.

ஆனால் போட்டோவில் எனக்குப் பிடிக்காத ஒன்று இருக்கிறது. சைலன்சர் குழாய் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கிறது, தார்ப்பாயின் கிழிசலும் சரியாக அதற்கு மேலே. மழைத்தண்ணி அந்த வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கலாம். இந்த நிலையில் புதுப் பெட்டரியைக் கட்டிச் சாவியைத் திருப்பினால், தண்ணி அமுங்காது, கனெக்டிங் ரொட் வளையும். பெரிய செலவு அங்கேதான். அவசரப்படுகிற கராஜ்காரர் செய்வதும் இதைத்தான். சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் மூன்று இன்ஜெக்டரையும் கழற்றி, உள்ளே தண்ணி இருந்தால் வெளியே எடுத்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எஞ்சின் ஒயில் விட்டு, சில நாள் ஊறவிட்டு, கிராங்க் ஷாஃப்ட் புல்லியின் நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். சுற்றுகிறதா, இடையில் பிடிக்கிறதா என்பது கைக்குத்தான் தெரியும். எந்தக் கைக்கு என்று உங்களுக்கே விளங்கும்.

ஸ்பேனர் என்றதும் ஞாபகம் வருகிறது. கொழும்பிலிருந்து மில்லிமீட்டர் செட் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். இது அங்குல வண்டி. மில்லிமீட்டர் ஸ்பேனர் நட்டின் மூலையைத் தின்றுவிடும். தாத்தாவின் பழைய சாக்கில் இருக்கும் ஸ்பேனர்தான் வேண்டும். “ஒம்போது பதினாறு எடு” என்பார். அதற்கு அடுத்தது ‘அஞ்சு எட்டு’. 9/16 பெரிசா 5/8 பெரிசா என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டு நிற்காமல், வரும் வழியில் பஸ்ஸிலேயே பாடமாக்கிக்கொள்ளுங்கள். தவறான ஸ்பேனரை மூன்றாம் தடவை நீட்டும்போது அவர் சிரிப்பார் அல்லது திட்டுவார். எதுவானாலும் “ம்” இல்லை.

பெட்டரி கட்டுமுன் அவரிடம் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகள் பலவற்றில் பெட்டரியின் பாசிட்டிவ் முனையைத்தான் வண்டியின் இரும்பு உடம்பில் கட்டியிருப்பார்கள். உங்கள் போனுக்கும் இன்றைய வாகனத்துக்கும் நேர் எதிர். இடையில் யாராவது டைனமோவை எடுத்துவிட்டு ஓல்டனேட்டர் போட்டிருந்தால் மாற்றியும் இருப்பார்கள். மாற்றிக் கட்டினால் சாமான் எரியும். அந்த வண்டியின் சரித்திரம் தெரிந்த ஒரே ஆள் உங்கள் வீட்டில் டீவி பார்த்துக்கொண்டிருக்கிறார். வயரிங் முழுக்க உங்கள் வேலையாக இருக்கட்டும். மல்டிமீட்டரைக் கொண்டுபோய் எலி கடித்த வயரைக் கண்டுபிடித்துக் காட்டுங்கள். அந்தக் கருவியில் எண் ஓடுவதை அவர் கண்ணாடி போட்டுக் குனிந்து பார்ப்பார். அவருடைய தொழிலை நீங்கள் மதிப்பதைப்போல உங்கள் தொழிலையும் அவர் ஒரு தடவையாவது பார்க்கட்டுமே.

டீசல் டேங்கில் மூன்று வருடத்துக்கு மேலாகக் கிடப்பதை இறக்கிவிடுங்கள். பகல் வெயிலும் ராத்திரிப் பனியும் மாறி மாறி, பாதி டேங்க் என்றால் தண்ணி கோர்த்தே இருக்கும். ஃபில்டரை மாற்றுங்கள். ஒயில் ஊற்றி வைக்கும் ஏர் கிளீனர் இது, அதற்குள் எலி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். கிளச் ப்ளேட் ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கவும் கூடும். இத்தனை வருடம் நின்ற வண்டிகளில் அது சாதாரணம், பயப்பட வேண்டாம்.

பிறகு ஏர் எடுக்கும் வேலை. முழு வேலையிலும் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். டீசல் எஞ்சினில் லைனுக்குள் காற்று நின்றால் எவ்வளவு சுற்றினாலும் பிடிக்காது. ஒரு ஆள், டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் லிஃப்ட் பம்பின் சின்ன லீவரை விரலால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொரு ஆள் முதலில் ஃபில்டரில் உள்ள ஸ்க்ரூவை இளக்கி, நுரை தள்ளித் தள்ளி, நுரை நின்று சுத்த டீசல் வந்ததும் இறுக்க வேண்டும். பிறகு பம்பில், கடைசியில் இன்ஜெக்டர் நட்டுகளில். லீவரை நீங்கள் அடியுங்கள். ஸ்பேனர் அவர் கையில் இருக்கட்டும். இதற்குப் பேச்சே தேவையில்லை. அடி என்றால் தலையை ஆட்டுவார், நிறுத்து என்றால் கையைத் தூக்குவார். காது கேட்காதவரும் கதை இல்லாதவரும் அரை மணித்தியாலம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியாது.

எஞ்சின் பிடித்தவுடன் அவர் ஒரு காரியம் செய்வார், கவனியுங்கள். நீளமான ஸ்க்ரூ ட்ரைவர் ஒன்றை எடுத்து, நுனியை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். பழைய டிரைவர், பிட்டர் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. சத்தம் எலும்பு வழியாக ஏறும். நீங்கள் சொல்லும் “தாத்தா” விளங்காத ஆளுக்கு ஒரு டெப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்) இளகியிருப்பது விளங்கும். முடித்ததும் ஸ்க்ரூ ட்ரைவரை வாங்கி நீங்களும் வைத்துப் பாருங்கள். “என்ன கேக்குது?” என்பார். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள்.

பெயிண்ட் விஷயத்தில் எனக்குத் தனிக் கருத்து உண்டு, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்வேன். அடிக்காதீர்கள், இப்போதைக்கு. பொனட் பக்கத்தில் தோட்டத்து நம்பர் மங்கலாக இன்னும் தெரிகிறது. இடது மட்கார்டில் ஒரு இடம் மட்டும் பெயிண்ட் தேய்ந்து இரும்பு வழுவழுவென்று மின்னுகிறது. வருடக்கணக்கில் ஒரே ஆள் உட்கார்ந்தால்தான் அப்படித் தேயும். அவருடைய கிளீனராக இருக்கலாம், உரமூட்டையோடு போன யாராவதாக இருக்கலாம், ஸ்கூலுக்குப் போன உங்கள் அப்பாவாகவும் இருக்கலாம். முதலில் அதைக் கேளுங்கள். துரு பிடித்த இடத்தில் துருவை எடுத்துவிட்டு ஒயில் துணியால் துடைத்தால் இப்போதைக்குப் போதும்.

ஒரு விஷயத்தில் நான் கறார். வண்டி ஸ்டார்ட் ஆனாலும் தாத்தா அதை ரோட்டில் ஓட்டக்கூடாது, நீங்களும் கூடாது. இதில் இடது சில்லுக்கும் வலது சில்லுக்கும் தனித்தனிப் பிரேக் பெடல். வயலில் திரும்ப வசதியாக வைத்தது. இரண்டையும் கொண்டியால் சேர்க்காமல் நம் ரோட்டில் இறக்கத்தில் மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு பள்ளத்துக்குப் போகும். டயர்கள் வெடித்துக் கிடக்கின்றன, ஹேண்ட் பிரேக்கை நம்பவே வேண்டாம். ஸ்டார்ட் பண்ணுமுன் நாலு சில்லுக்கும் கட்டை வையுங்கள், கியர் நியூட்ரலில் இருக்கட்டும், எஞ்சினை நிறுத்தும் கேபிள் வேலை செய்கிறதா என்று முதலிலேயே இழுத்துப் பாருங்கள். அவருக்கு ஆசை இருந்தால் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட்டை அவரே போடட்டும். ஏறும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள், பிடித்தது தெரியாத மாதிரி.

செலவு கேட்டிருந்தீர்கள். இந்தக் கட்டத்தில் ஃபில்டர், இன்ஜெக்டருக்கான செப்பு வாஷர், எஞ்சின் ஒயில், ஐந்து லீட்டர் புது டீசல், கை துடைக்கப் பழைய சாரம் ஒன்று. பெட்டரியை நண்பர் யாரிடமாவது ஒரு நாளைக்குக் கேட்டு வாங்குங்கள். கராஜுக்கு ஒதுக்கிய காசு கையில் இருந்தால் அதைக் காது மெசினுக்கு வைத்திருங்கள். தைப்பொங்கலுக்குள் முடியாது. இரண்டு பொங்கலும் போகலாம். மாதம் ஒரு தடவைதானே வருகிறீர்கள்.

அப்பாவை டோர்ச் பிடிக்கக் கூப்பிடுங்கள். முதல் நாள் வரமாட்டார்.

பி.கு: இறக்கிய பழைய டீசலை ஓடையில் ஊற்றிவிடாதீர்கள், கீழ் லயத்துக்குத் தண்ணி அங்கேயிருந்துதான் போகிறது. கேனில் அடைத்துத் தாத்தாவிடம் கொடுங்கள். துருப்பிடித்த நட்டுகளை ஊறப்போட அவருக்குத் தேவைப்படும். ஊறிய நட்டுகளை எந்த டின்னில் போடுவது என்று அவரையே கேட்டுக்கொள்ளுங்கள்.